கசப்பு வடித்த காய்

அண்ணை,

எழுத்து கோணலாக இருக்கும், கோபிக்க வேண்டாம். வலைக் கயிறு இழுத்து மரத்துப்போன விரல்கள் இவை. பேனையைக் கொடுத்தால் துடுப்பைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிக்கின்றன, தாள் கிழிகிறது. போதாததற்கு இன்று காலையில் பெருவிரலில் காத்தோட்டி முள் ஏறிவிட்டது. முள்ளை எடுத்தாயிற்று. முனை மட்டும் உள்ளே நின்று, எழுத்துக்கு எழுத்து குத்துகிறது. என்றாலும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. நான் எழுதுகிறேன், அண்ணை. உங்கள் சம்மாட்டி எழுதுகிறான்.

படிப்பித்தது உங்கள் மகள் பவளம்தான். ஒழுங்கை முடிவிலுள்ள வாசிகசாலையில் காலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், பின்னேரத்தில் எனக்கு. முதல் நாள் 'அ' எழுதிக் காட்டினாள். சுருண்டு கிடக்கிற இறால் மாதிரி இருக்கிறது என்றேன். "எழுத்திலையும் மீனோ மாமா?" என்று சிரித்தாள். அது உங்களுடைய சிரிப்பு.

என் பெயரை எழுதி முடித்ததும், அடுத்து எந்தச் சொல் வேண்டும் என்று கேட்டாள். முசுட்டை என்றேன். இப்போது வேலியோரம் நடக்கும்போது ஒவ்வொரு பூண்டின் பெயரையும் மனதுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். தும்பை. நாயுருவி. குப்பைமேனி. அவற்றின் பெயர்களை எனக்கு வாயால் தந்தவர் நீங்கள். அந்தப் பெயர்களைக் கையாலும் பிடிக்கலாம் என்பது இந்த வயதில்தான் தெரிந்தது.

இன்று காலையில் பின் வேலிக்குப் போனது, காத்தோட்டி காய்த்திருக்கிறதா என்று பார்க்க. போகச் சொன்னவள் பவளம். ஓம் அண்ணை, அதே பவளம்தான். அந்தக் காய் இந்த வீட்டுப் படியேறக் கூடாது என்று சொன்னவள்.

நான் முறையாகச் சொல்கிறேன். அவசரப்பட்டால் எழுத்துப் பிழைக்கும்.

கடலுக்குப் போக விடாமல் தடுத்து, கரைக்கு ஷெல்லும் வரத் தொடங்கியபோது குருநகரை விட்டு நானும் என் மனுசி திரேசாவும் புத்தூருக்கு வந்தோம். கையில் இரண்டு சாக்கு மூட்டை. ஆரோ கைகாட்டிவிட, உங்கள் படலையில் வந்து நின்றோம். நீங்கள் மண்வெட்டியோடு வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தீர்கள்.

"கடலாலை வந்த சம்மாட்டியோ? வாரும், வாரும். வள்ளத்தை எங்கை கட்டிப்போட்டு வந்தனீர்?"

வள்ளமும் வலையும் வைத்திருக்கிறவனுக்குத்தான் எங்கள் கரையில் சம்மாட்டி என்று பெயர். நான் கூலிக்கு வலை இழுத்தவன். அதைச் சொன்னேன். "அதுக்கென்ன, தரையிலை எல்லாரும் சம்மாட்டியள்தான்" என்றீர்கள். வழி முழுக்க அழுதுகொண்டு வந்த திரேசா சிரித்துவிட்டாள். புகையிலை உணர்த்துகிற கொட்டிலைத் துப்புரவாக்கித் தந்தீர்கள். புகையிலை மணத்தில் முதல் கிழமை முழுக்க நாங்கள் தும்மிக்கொண்டே இருந்தோம்.

அது மண்ணெண்ணெய்க்கும் பசளைக்கும் தடை இருந்த காலம். இறைக்கிற மிசின் வாயை மூடிவிட்டது. வெங்காயம் நின்ற தோட்டத்தில் பூண்டுகள் எழும்பி நின்றன. நீங்கள் வரம்பில் குந்தியிருந்து அவற்றைத் திட்டினீர்கள். "பிறந்த நாள் தொடக்கம் இதுகளைப் பிடுங்கி எறிஞ்சன். இப்ப நான் சாகாமல் இருக்கிறதுக்கு இதுகள்தான் சோறு போடுதுகள். ரோசமில்லாத சாதியள்."

ரோசமில்லாத அந்தச் சாதிகளை எனக்கு நீங்கள்தான் அறிமுகப்படுத்தினீர்கள். கடல்காரனுக்குத் தரையில் எல்லாம் வெறும் பச்சை. ஆகவே எனக்குத் தெரிந்தபடி அடையாளம் வைத்தேன். முசுட்டை இலையைத் திருப்பினால் காரல் மீனின் வயிறு போல வெள்ளிப் பூச்சு, அதுதான் இலைக்கஞ்சிக்கு. ஊமத்தையின் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் காய் முள்ளுப் பேத்தை. பேத்தை மீனைப் போலவே ஆளைக் கொல்லும். சாரணை, எங்கள் கரையில் படர்கிற பூண்டுக்கு உறவுக்காரி, தடித்த இலை, ஊதாப் பூ. இளசாகப் பிடுங்கி வறை செய்யலாம், முற்றினால் வயிற்றைக் கலக்கும். நீங்கள் கேட்டுக் கேட்டுச் சிரித்தீர்கள். "மல்லிகைப் பூவைக் காட்டினாலும் இவர் நெத்தலி எண்டுவார்."

ஒரு நாள் கிணற்றடியில் சாரணை பிடுங்கிக்கொண்டிருந்தோம். நீங்கள் ஒரு விஷயம் சொன்னீர்கள். அன்று எனக்கு அது சாதாரணப் பேச்சு.

"பாரும், வாய்க்கால் வெட்டின இடத்திலை மட்டும் சாரணை. அங்காலை ஆறப்போட்ட நிலத்திலை நாயுருவி. மண்ணை ஆரும் கிளறினால் முதல் ஓடி வாறது இவள்தான். ஆக்கள் பொய் சொல்லுவினம். பூண்டு சொல்லாது."

பின் வேலியில் காத்தோட்டியையும் அப்போதுதான் காட்டினீர்கள். வெள்ளைப் பூ, பிறகு சிவக்கிறது. பூவுக்குள் இறாலின் மீசைபோல நீண்ட நூல்கள். முள் ஒவ்வொன்றும் தூண்டில் போல உள்ளே வளைந்தது. காயைப் பிடுங்கப் போனேன். கையில் தட்டினீர்கள்.

"இது சும்மா தின்னுறதில்லை. தேப்பனைத் தின்னக் குடுத்தவன் தின்னுற காய். ஆடி அமாவாசைக்கு மட்டும்."

தகப்பன் இறந்துபோன பிள்ளைகள் ஆடி அமாவாசையில் விரதமிருந்து, இந்தக் காயைச் சமைத்துப் படைத்து, காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுவார்கள் என்று சொன்னீர்கள். தகப்பன் உயிரோடிருக்கிறவன் தொடமாட்டானாம். கசக்குமே என்றேன். "கசக்கத்தானே வேணும். அப்பன் போன வாய்க்குத் தேனோ?" என்றீர்கள்.

பிறகு உங்கள் மருமகனின் கதை. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அது இல்லாமல் மற்றது விளங்காது.

பவளத்தின் பிள்ளை அப்போது பால்குடி. பால்மாவும் மருந்தும் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று மருமகன் வவுனியாவுக்குப் புறப்பட்டார். தரை வழி மூடியிருந்தது. கிளாலியில் வள்ளம் ஏறிக் களப்பைக் கடக்க வேண்டும். போனார், வாங்கினார், திரும்புகிற வள்ளத்தில் ஏறினார். அதுவரை பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வள்ளங்களை நேவிக்காரர் சுட்டார்கள். சில உடல்கள் கரைக்கு வந்தன. அவருடையது வரவில்லை.

பவளம் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொட்டில் வாசலுக்கு வந்தாள். "மாமா, நீங்கள் கடல் தெரிஞ்ச ஆள். அப்பாவோடை போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்றாள்.

சைக்கிளில் போனோம். நீங்கள் மிதித்தீர்கள், நான் பின்னால். கிளாலிக் கரையில் ஒரு சோடிச் செருப்பு, பிய்ந்த பால்மாப் பெட்டி ஒன்று, அது எவருடையதோ. உமரிப் பூண்டு படர்ந்த சேற்றில் பகல் முழுக்க நடந்தோம். திரும்பும்போது நீங்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்டீர்கள்.

"சம்மாட்டி, கடல் எடுத்ததைத் திருப்பித் தராமல் விடுமோ?"

"விடும் அண்ணை. சிலதை விடும்."

"அப்ப செத்திட்டான் எண்டும் சொல்லேலாது."

"சொல்லேலாது."

"இருக்கிறான் எண்டும்?"

நான் குனிந்து சில்லில் ஒட்டிய சேற்றை வழித்தேன். நீங்கள் பிறகு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது பவளம் எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். குங்குமத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆடி பிறந்தது. அமாவாசைக்கு முதல் நாள் மருமகனின் தாய் வந்தார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு துளி காத்தோட்டியை இவன்ரை நாக்கிலை தொட்டு வையுங்கோ. தேப்பன் அந்தரிச்சுத் திரியக் கூடாது" என்று அழுதார். பவளம் எழும்பி வந்து பிள்ளையை வாங்கினாள். சத்தம் போடவில்லை.

"இவனுக்குத் தேப்பன் இருக்கிறார், மாமி. அந்தக் காய் இந்தப் படி ஏறினால் நான் இந்தப் படி இறங்குவன்."

வருஷம் தவறாமல் உங்கள் அப்பருக்கு விரதமிருந்தவர் நீங்கள். அன்று காலையில் கிணற்றில் முழுகிவிட்டு, வீட்டுக்குப் போகாமல், மடியில் காய்களோடு எங்கள் கொட்டில் வாசலில் வந்து நின்றீர்கள்.

"தங்கச்சி, இதை நீ சமைச்சுத் தருவியே?"

திரேசா பயந்துபோனாள். "ஐயோ அண்ணை, நாங்கள் வேதக்காரர். அதோடை இது மீன் சட்டி!"

"மீனோ? அது மீனைக் கண்டு எத்தினை மாசம்? உங்கடை சட்டி எங்களிலும் பாக்கக் கூட நாள் விரதமிருக்குது. என்ரை விரதமெல்லாம் அதின்ரை காலிலை விழ வேணும்."

அவள் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாள். பிறகு அந்தப் பிழையைச் செய்தாள். எங்கள் கரையில் உமரி சமைத்தால் அவித்து, உப்புத் தண்ணீரை வடித்து, மறுபடி அவித்து, மறுபடி வடிப்போம். அதுதான் அவளுக்குத் தெரிந்த சமையல். காத்தோட்டியையும் அப்படியே செய்தாள். வாயில் வைக்க முடியாத கசப்பைக் கண்டு, விருந்தாளிக்கு இப்படியா கொடுப்பது என்று, கசப்பு முழுதும் போகுமட்டும் வடித்து ஊற்றினாள். பிறகு தேங்காய்ப் பால்.

நீங்கள் காகத்துக்கு வைத்தீர்கள். காகம் மிச்சம் விடாமல் தின்றுவிட்டு இன்னும் கேட்டது. அப்போதே உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும். ஒரு வாய் வைத்தீர்கள், மென்றீர்கள், நிறுத்தினீர்கள்.

"தங்கச்சி, இது திவசத்துக்குச் சமைச்ச காய் இல்லை. கலியாணத்துக்குச் சமைச்சது. கசப்பு எங்கை?"

"வடிச்சு ஊத்திப்போட்டன் அண்ணை."

நீங்கள் சிரிக்கத் தொடங்கினீர்கள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தீர்கள். நாங்களும் சிரித்தோம். பிறகு பார்த்தால் தோள் குலுங்குகிறது, சத்தம் இல்லை.

"வடிச்சு ஊத்தலாம் எண்டால், நான் பவளத்துக்கெல்லோ முதல் வடிச்சு ஊத்தியிருப்பன்" என்றீர்கள்.

இலையில் இருந்த முழுவதையும் சாப்பிட்டீர்கள். கை கழுவும்போது என்னிடம் சொன்னீர்கள்: "அவளை ஒருதரும் நெருக்கக் கூடாது, சம்மாட்டி. அவள் தானாக் கேக்கட்டும். அதுமட்டும் இந்தக் காய் உங்கடை அடுப்பிலை வேகட்டும். அவள் கேக்கிற அண்டைக்கு மட்டும் கசப்போடை சமைக்கச் சொல்லும்."

அதற்கடுத்த ஆடியிலும் எங்கள் அடுப்பில்தான் வெந்தது. அதற்கடுத்ததிலும். திரேசா கொஞ்சம் கசப்பை மிச்சம் விடப் பழகியிருந்தாள்.

பிறகு அந்த மாரி. ஆமி வருகுது, ஊரை விட்டு எல்லாரும் எழும்புங்கள் என்ற நாள். மழைக்குள், தென்மராட்சிப் பக்கமாக, தெருவை மூடிக்கொண்டு சனம். பவளம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, திரேசா சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, நீங்களும் நானும் சைக்கிளில் மூட்டையைக் கட்டித் தள்ளிக்கொண்டு. ஓரடி வைக்கப் பத்து ஆள் நகர வேண்டும். கோப்பாய் தாண்டியபின் நீங்கள் நின்றுவிட்டீர்கள்.

"செவலை மாட்டை அவிட்டு விடேல்லை."

"விடுங்கோ அண்ணை, ஆரும் அவிழ்ப்பினம்."

"ஆர் இருக்கினம் அங்கை அவிழ்க்க? கட்டின கயித்திலை நிண்டு சாகிறதோ வாயில்லாச் சீவன்?" மூட்டையை அவிழ்த்து என் தோளில் வைத்தீர்கள். "பவளத்தைப் பாரும். அவிட்டு விட்டிட்டு ஓடி வாறன்."

சனம் எல்லாம் ஒரு பக்கம் போக, நீங்கள் மட்டும் மற்றப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். பவளம் கைதடிப் பாலத்தில் ஒரு பகல் முழுக்க நின்றாள். நான் இழுத்துக்கொண்டுதான் போனேன்.

மாதங்கள் கழித்துத்தான் திரும்பி வர விட்டார்கள். வீட்டு வளவு முழுக்க இடுப்பளவு பூண்டு. வீட்டுக் கூரையில் ஓடில்லை. செவலையைக் கட்டுகிற பூவரசு மட்டும் அப்படியே நின்றது. அதன் கிளைக் கவரில் செவலையின் கயிறு தொங்கியது. அறுத்த கயிறல்ல. முடிச்சை அவிழ்த்து, வளையமாகச் சுற்றி, நீங்கள் எப்போதும் கொளுவுகிற கவரில் கொளுவியிருந்தது. பவளம் அதைக் கையில் எடுத்து மணந்து பார்த்தாள். "அப்பா வந்து சேர்ந்திருக்கிறார்" என்றாள். அந்த நேரத்தில் அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சத்தை, அண்ணை, நான் எந்த எழுத்தால் எழுதுவது?

பிறகு நாங்கள் வீட்டின் பின்பக்கம் போனோம். அங்கே முழுவதும் நாயுருவி. சேலையில் ஒட்டிக்கொண்டு வந்தது. கொட்டிலுக்கும் வேலிக்கும் நடுவில் மட்டும் ஓரிடத்தில் நாயுருவி இல்லை. சாரணை. ஒரு ஆள் நீளத்துக்கு, ஒரு ஆள் அகலத்துக்கு, பாய் விரித்தமாதிரி, ஊதாப் பூவோடு. அந்த இடத்தில் நாங்கள் ஒருநாளும் மண்வெட்டி வைத்ததில்லை.

நான் பவளத்தைப் பார்க்கவில்லை. அவள் உங்கள் மகள். பூண்டு பார்க்க நான் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சேலையில் ஒட்டிய நாயுருவியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"மாமா, உந்த இடத்திலை கீரை பிடுங்க வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னாள். அந்த நாட்களில் வளவுக்குள் மண்ணைத் தோண்டப் பயம். தோண்டினால் கண்ணிவெடி, அல்லது கேள்வி. பயம் போன பிறகும் அவள் தோண்டச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நெருக்கக் கூடாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அந்த இடத்தைச் சுற்றித் தும்பையை மட்டும் வளர விட்டாள்.

எங்கள் வேதத்தில் கார்த்திகையில் ஒரு நாள், சேமக்காலைக் கல்லறைகளில் எல்லா ஆத்துமாக்களுக்கும் மெழுகுதிரி கொளுத்துவோம். நான் வருஷா வருஷம் குருநகருக்குப் போய் அப்புவுக்கும் அம்மாவுக்கும் தம்பிக்கும் கொளுத்துகிறேன். உங்களுக்கென்று ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் வைப்பேன். கொளுத்தாமல் திருப்பிக் கொண்டுவருவேன். அதையே அடுத்த வருஷமும் கொண்டுபோவேன். உடம்புச் சூட்டில் அது வளைந்து, இப்போது காத்தோட்டி முள் மாதிரி இருக்கிறது.

இனி இந்த வருஷம்.

உங்கள் பேரனுக்கு மீசை முளைத்துவிட்டது. வெளிநாட்டுக்குப் போகப் போகிறான், எல்லாம் சரிவந்துவிட்டது. போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் தாயைக் கேட்டான்: "அம்மா, நான் தேப்பன் இருக்கிற பிள்ளையோ, இல்லாத பிள்ளையோ? போறதுக்கு முதல் அதை மட்டும் சொல்லுங்கோ."

திரேசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பவளம் எழும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் பின்னேரம் நான் வாசிகசாலைக்குப் போனேன். வழக்கமாக அவள் சொல்ல நான் எழுதுவேன். அன்று அவளே பலகையில் ஒரு சொல்லை எழுதிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தேன். வாசித்து முடித்த சந்தோஷம் முதலில் வந்தது. என்ன சொல் என்பது பிறகுதான் விளங்கியது. காத்தோட்டி.

"பிழையில்லாமல் வாசிச்சிட்டியள் மாமா" என்றாள். "வேலியிலை காய் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ. மகன் அவன்ரை அப்பாவுக்கு விரதம் இருக்கட்டும்."

"சரி பிள்ளை."

"எங்கடை அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லை." பலகையை அழித்தாள். "நீங்கள் இருங்கோ மாமா."

"நான் வேதக்காரன் பிள்ளை."

"சட்டிக்கு இல்லாத சமயம் உங்களுக்கேன்?" என்றாள். அன்று கொட்டில் வாசலில் நீங்கள் சொன்னதெல்லாம் வீட்டுக்குள் கேட்டிருக்கிறது, அண்ணை. அவ்வளவு காலமும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

வேலியில் காய் இருக்கிறது. நிறைய இருக்கிறது. பறவைகள் தொடவில்லை. அமாவாசைக்கு முதல் நாள் பிடுங்குவேன். திரேசா சட்டிக்குக் கிட்ட வரக் கூடாது என்று பவளம் இப்போதே சத்தியம் வாங்கிவிட்டாள். "நான் ஒருக்கால் வடிச்சதுக்குச் சாகுமட்டும் சொல்லிக் காட்டுவியளோ?" என்று அவள் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அன்று காலையில் கிணற்றில் முழுகிவிட்டு, வளைந்த மெழுகுதிரியைச் சாரணை நிற்கிற இடத்தில் கொளுத்துவேன். கொளுத்தினால் நீங்கள் இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். என்றாலும் கொளுத்துவேன்.

பெருவிரல் நோகிறது, அதனால் இதோடு வைக்கிறேன். அடுத்த கிழமை அமாவாசை. காகத்துக்கு வைத்து, சாப்பிட்டு, கை கழுவியதும் மறுபடி இந்தப் பேனையை எடுப்பேன். கசந்ததா என்று உங்களுக்கு எழுதுவேன்.